மூன்றாம் நிமிடம்

கோயமுத்தூர், பீளமேடு
14-7-1996

அன்புள்ள அக்காவுக்கு,

கிருபாசங்கர் எழுதுவது. மெஸ் சாப்பாட்டைத் தின்றும் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் மச்சானும் கனிஷ்காக்குட்டியும் சுகமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் உங்கள் பக்கத்து வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டு உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நான் பத்து நிமிடம் பேசினேன். நீ "ம்", "சரி", "உடம்பப் பாத்துக்க கண்ணு" என்று மூன்றோடு முடித்துவிட்டாய். எங்கள் ஹெச்.ஓ.டி.கூட என்னிடம் இதைவிட அதிகமாகப் பேசுவார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு மெட்டல் இசைக்குழு லீட் கிடாருக்கு ஆள் தேடுகிறது. சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு, நடுவில் கிடார் மட்டும் தனித்துப் பேசும் சோலோ வாசித்து, நவம்பர் முடிவதற்குள் கேசட் அனுப்ப வேண்டும். பிடித்தால் கூப்பிடுவார்கள். டிரம்ஸுக்கு என் அறைத்தோழன் ஜெப்ரி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பயபக்தியாக வாசித்துவிட்டு, சாயங்காலம் எங்களோடு வந்து அதே கையால் இடி இடிப்பான்.

அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவர் உடுமலையில் தேங்காய்க் களத்தில் உட்கார்ந்தபடியே படிப்பு முடிந்ததும் அடுத்த ஜூனில் எனக்குப் பம்ப் கம்பெனி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கேசட் தேறினால் அவரிடம் வாயைத் திறப்பேன். தேறாவிட்டால் ஆயுசுக்கும் பம்ப்தான்.

தேறுமா தேறாதா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ "சரி" என்றால்தான் அனுப்புவேன். சிரிக்காதே. நான் பத்தாவது படிக்கும்போது அட்டை இல்லாத காப்பி கேசட் ஒன்று கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? நீ பக்கத்து அறையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாய். "ஏந்தம்பி, ரெண்டாவது பாட்டு நடுவால ஒருத்தன் வந்து பேசறானே, அத மறுக்கா போடு" என்றாய். அது பேச்சில்லை, கிடார் என்றேன். "அது தெரியுது. அவன் பேரென்ன?" என்றாய். கேசட்டில் பெயரே இல்லை. நம் தோட்டத்தில் நாளெல்லாம் வாயே திறக்காமல், திறந்தால் எல்லாரையும் நிற்க வைப்பாரே, அந்தப் பொங்கியண்ணன் பெயரையே நீ வைத்துவிட்டாய். இன்றுவரை எனக்கும் அவன் பொங்கியண்ணன்தான்.

அந்தக் கேசட்டை ஜெப்ரியின் டேப் ரிக்கார்டர் போன மாதம் தின்றுவிட்டது. அந்த இரண்டாவது பாட்டு சோலோ எனக்குக் கையில் இருக்கிறது, மனசில் நழுவுகிறது. அது எப்படிப் போகும் என்று எழுது. நீ எழுதினால் எனக்குக் கேட்டுவிடும்.

கனிஷ்காவுக்கு முத்தம். பதில் போடாவிட்டால் மறுபடி போன் போடுவேன், ஜாக்கிரதை.

உன் தம்பி,
கிருபா

வெள்ளகோவில்
6-8-1996

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி ஆடிக்காற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன் மச்சானுக்குச் சளி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, இல்லை முடியை மட்டும் வளர்க்கிறாயா?

ஆடிப் பதினெட்டுக்கு வர முடியவில்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து நாலு தறியை நானே பார்க்கிறேன். எங்கள் தறிக்குடோனுக்குள் யாரும் குரலை வீணாக்குவதில்லை தெரியுமா? பன்னிரண்டு தறி ஓடும்போது கத்தினாலும் ஒன்றுதான், கத்தாவிட்டாலும் ஒன்றுதான். எல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். அத்தை மூன்று தறிக்கு அந்தப்பக்கம் நின்று உதட்டை அசைத்தால், குழம்புக்கு உப்புப் போட்டாயா என்கிறார் என்று எனக்கு விளங்கிவிடும். நான் தலையாட்டினால் போட்டேனா மறந்தேனா என்று அவருக்கு விளங்கிவிடும்.

கனிஷ்கா ஒரு புதுப் பழக்கம் கற்றிருக்கிறாள். விழுந்தால் அங்கேயே அழுவதில்லை. எழுந்து வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம்தான் அழ ஆரம்பிக்கிறாள். மூன்று வயசுக்கு என்ன விவரம் பார்.

பொங்கியண்ணன் சங்கதிக்கு வருகிறேன். டிரம்ஸ்காரன் பேய் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டு போவான், மற்றவர்கள் அவன் பின்னாலேயே ஓடுவார்கள். பொங்கியண்ணன் உள்ளே வருவதே தெரியாது. ஒரே ஒரு ஸ்வரம். அதையும் நேராகத் தொடமாட்டான். கீழே பிடித்து, கம்பியைத் தள்ளித் தள்ளி ஏற்றி, சேர வேண்டிய இடத்துக்கு மயிரிழை கீழே நின்றுகொள்வான். வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே வாடா என்று கத்தத் தோன்றும். அவன் சும்மா இருப்பான். இரண்டு தாளம் சும்மாவே போகும். மறுபடி அதே வரி, இந்தத் தடவை போய்ச் சேருவான். சேர்ந்த இடத்தில் ஒரு நடுக்கம் கொடுப்பான் பார், அழுகையை விழுங்குகிறவனுக்குத் தொண்டை ஆடுமே, அதுதான்.

அதற்கப்புறம்தான் வேகம். எட்டே எண்ணிக்கை. எனக்கும் ஓடத் தெரியுமடா என்று காட்டிவிட்டு, அது வேண்டாமென்று ஒதுக்கிவிடுவான். கடைசியில் உச்சாணியில் ஒரு ஸ்வரம். விடுவான், விடுவான் என்று நாம் காத்துக்கொண்டிருப்போம். தாளம் வந்து விழுந்த பிறகுதான் விடுவான். மற்றவர்கள் எல்லாம் தாளத்துக்கு முன்னாலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். பயம். கிருபா, அந்த இடம்தான் பொங்கியண்ணன்.

கேட்டதா? போன் எல்லாம் வேண்டாம், கடிதமே போடு. முட்டை தினமும் சாப்பிடு.

அக்கா,
லோகப்பிரியா

கோயமுத்தூர்
25-8-1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஜெப்ரிக்குப் படித்துக் காட்டினேன். "டேய், உங்கக்கா எழுத்துலயே வாசிச்சுப்போட்டாங்கடா" என்றான். எனக்கு மூன்று நாள் வேறு எதுவும் ஓடவில்லை. மச்சான் சளி போயிற்றா? எனக்கு விரல் நுனிகள் தோலுரிந்து மறுபடி காய்த்திருக்கின்றன, மற்றபடி சுகம்.

இத்துடன் கேசட் அனுப்பியிருக்கிறேன். பாட்டு நாலரை நிமிடம். சரியாக மூன்றாம் நிமிடத்தில் என் சோலோ வரும். கிடார்க் கழுத்து உடலோடு சேரும் அடியில், மேல் ஸ்வரங்களிலேயே வைத்திருக்கிறேன். பொங்கியண்ணனிடம் திருடவில்லை. மூன்று இடத்தில் கம்பியை ஏற்றி நிறுத்துகிறேன். அந்த மூன்றும் உயிரோடு இருக்கின்றனவா என்று மட்டும் சொல். நன்றாக இல்லாவிட்டால் இல்லை என்றே சொல். நீ எனக்கு எப்போதும் பொய் சொன்னதில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

கிருபா

வெள்ளகோவில்
2-10-1996

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கனிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது ஓடி விளையாடுகிறாள். உன் விரலுக்குத் தேங்காயெண்ணெய் போடு.

கேசட்டை ஏழெட்டுத் தடவை போட்டேன். தொடக்கம் நன்றாக இருக்கிறது, ஜெப்ரியின் அடி நெஞ்சில் வந்து இடிக்கிறது. மூன்றாம் நிமிடத்தில் நீ வருவது தெரிகிறது. ஆனால் மேலே ஏறினதும் சன்னமாகிப் போகிறாய். எங்கள் டேப் ரிக்கார்டர் பழசு, ஹெட் தேய்ந்திருக்கும், பஞ்சுத் தூசியும் போயிருக்கும். இருந்தாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவ்வளவு உயரத்தில் வைக்காமல் கொஞ்சம் கீழே, தடித்த கம்பிகளில் வாசித்துப் பாரேன். ஆண்பிள்ளைக் குரலாக இருக்கும்.

இது உன் அக்காவின் யோசனைதான். உனக்குச் சரிப்படாவிட்டால் விட்டுவிடு.

தீபாவளிக்கு அப்பா உனக்கு என்ன துணி எடுத்தார் என்று எழுது.

லோகப்பிரியா

கோயமுத்தூர்
21-10-1996

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம்தானே? கனிஷ்காவுக்கு மறுபடி காய்ச்சல் இல்லையே? இங்கே விடாமல் மழை. அறைச் சுவரெல்லாம் பூசணம்.

நீ சொன்னபடியே முழுசாகக் கீழே இறக்கிவிட்டேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஜெப்ரிக்கும் எனக்கும் சண்டை. "மேல பறந்துட்டு இருந்ததப் புடிச்சுக் கூண்டுல அடைச்சுட்டே. உங்கக்கா சொன்னா கெணத்துல குதிப்பியாடா?" என்றான். குதிப்பேன் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது கொஞ்சம் அடைசலாகத்தான் தெரிகிறது. ஆனால் பொங்கியண்ணனை அடையாளம் கண்ட காது உன்னுடையது, ஜெப்ரியுடையதல்ல.

புதுக் கேசட் இத்துடன் இருக்கிறது. அதே மூன்றாம் நிமிடம். நவம்பர் முடிவதற்குள் பெங்களூருக்குப் போயாக வேண்டும். உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பேன்.

மச்சானுக்கும் அத்தைக்கும் தீபாவளி வாழ்த்தைச் சொல்.

கிருபா

வெள்ளகோவில்
13-11-1996

என் கண்ணான தம்பிக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. கனிஷ்கா வெடிக்குப் பயப்படாமல் நின்றாள். நீ எண்ணெய் வைத்துக் குளித்தாயா?

உன் கேசட்டைக் கேட்டேன். மூன்றாம் நிமிடத்தில் நீ உள்ளே வந்ததும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூன்று இடமும் உயிரோடு இருக்கின்றன. அந்த மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொங்கியண்ணனே வந்து உன் விரலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இதற்குமேல் என்ன சொல்ல? சரி. சரி. சரி. தைரியமாக அனுப்பு. அப்பாவிடம் வேண்டுமானால் நானும் பேசுகிறேன்.

குளிர் வருகிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன் அக்கா

கோயமுத்தூர்
19-11-1996

அக்கா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று பெங்களூருக்கு அனுப்ப கேசட்டை எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். உனக்கென்று சோலோ வாசித்துப் பதிந்த கேசட் இங்கே என் மேசை மேலேயே இருக்கிறது. உனக்கு நான் அவசரத்தில் மாற்றி அனுப்பியது பயிற்சிக் கேசட். அதில் டிரம்ஸும் பேஸ் கிடாரும் மட்டும்தான். நான் கூடவே வாசித்துப் பழகுவதற்காக ஜெப்ரி சோலோ இடத்தைக் காலியாக விட்டுப் பதிந்தது.

மூன்றாம் நிமிடத்தில் அதில் யாரும் வாசிக்கவில்லை, அக்கா.

எதைக் கேட்டு உனக்குச் சிலிர்த்தது? எந்த மூன்றாவது இடத்தில் தண்ணீர் வந்தது? கேட்கக்கூட நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன செய்துவிடப் போகிறேன்? உனக்குக் குடும்பம் இருக்கிறது, தறி இருக்கிறது, எனக்குப் புரியாதா? தட்டிக்கொடுத்து அனுப்ப நான் என்ன கனிஷ்காவா?

நீ இதுவரை சொன்னதில் எது நிஜம் என்று இரவெல்லாம் யோசித்தேன். பத்தாவதிலிருந்து நான் ஒவ்வொன்றையும் உன் பேச்சை நம்பித்தான் வாசித்தேன். நீ சொன்னாய் என்றுதான் என் சோலோவைக் கீழே இறக்கிக் கொன்றேன்.

எங்கும் எதையும் அனுப்பப் போவதில்லை. ஜூனில் பம்ப் கம்பெனியில் சேருகிறேன். அப்பாவுக்கு எழுதிவிட்டேன். பதில் போட வேண்டியதில்லை.

கிருபாசங்கர்

வெள்ளகோவில்
5-1-1997

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஒன்றரை மாதம் அப்படியே இருந்து பார்த்தேன். முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? அப்பாவிடம் கேட்டால் "அவனுக்கென்ன, புத்தி வந்துருச்சு" என்கிறார்.

எனக்குக் காது கேட்கவில்லை, கிருபா.

முழுச் செவிடு இல்லை. லாரி வந்தால் தெரியும். உன் மச்சான் பக்கத்தில் நின்று பேசினால் தெரியும். மெல்லிய சத்தமும் மேல் சத்தமும்தான் போய்விட்டன. போன வருஷம் ஒருநாள் குக்கர் விசில் அடிக்காமலே அடிப்பிடித்துவிட்டது என்று கேஸ்கட்டை மாற்றினேன். புதுக் கேஸ்கட் போட்டும் விசில் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் வந்து, "ஏனம்மணி, குக்கரு அந்தக் கத்து கத்துது, நீ பாத்துட்டே நிக்கறே" என்றபோதுதான் எனக்கு விளங்கியது. கனிஷ்கா முகத்தைத் திருப்பிவிட்டு அழுகிறாள் என்று எழுதினேனே. அது விவரம் இல்லையடா. திருப்பாவிட்டால் அம்மா வரமாட்டாள் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

குடோனில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அங்கே எல்லாருமே உதட்டைத்தானே பார்க்கிறோம். கண்டுபிடித்தது அத்தை மட்டும்தான். ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டு, "அம்மணி, எனக்குப் பத்து வருசமா கேக்கறதில்லீன்னு எம்பையனுக்கே தெரியாது. தறி ஓட்டற வூட்டுல இதையெல்லாம் யாரு பெருசா சொல்லுவாங்க? வாயப் பாத்துப் பொழச்சுக்க" என்றார். எனக்கு அன்று ஆறுதலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

உன் முதல் கேசட்டில் டிரம்ஸ் கேட்டது. நீ வந்தது தெரிந்தது. மேலே ஏறினாய், காணாமல் போனாய். நீ பெரியவன் ஆனதும் மொட்டைமாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அதனால்தான் கீழே வாசிக்கச் சொன்னேன். ஆண்பிள்ளைக் குரல் என்றெல்லாம் சொன்னது சும்மா. என் காதுக்கு எட்டுகிற இடத்துக்கு உன்னை இறக்கினேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய்யைக்கூட மன்னித்துவிடுவேன்.

இரண்டாவது கேசட்டைத் தீபாவளி அன்று எல்லாரும் கோயிலுக்குப் போனபிறகு போட்டேன். டிரம்ஸ், பேஸ், மூன்றாம் நிமிடம். ஒன்றும் இல்லை. கீழே இறக்கி வாசித்திருக்கிறேன் என்றாய், அதுவும் கேட்கவில்லை. சரி, அதுவும் போய்விட்டது, இனி கனிஷ்கா குரலும் போகும் என்று நினைத்துக்கொண்டு ஸ்பீக்கர்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். நீ எப்படி வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதை எழுதினேன்.

உன் கோபக் கடிதம் வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அங்கே யாருமே வாசிக்கவில்லையா? அப்படியென்றால் என் காது இன்னும் கொஞ்சம் இருக்கிறது! சமையலறையில் நின்று சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அழுதேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நான் பத்தாவதோடு நின்றவள். தறியில் பாவு பூட்டுவதும் குழம்பு வைப்பதும் யாரும் செய்வார்கள். உனக்குக் காதாக இருந்தது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் இல்லை என்று எப்படி எழுதுவேன்?

வாசிப்பதை விட்டுவிடாதே. என்மேல் இருக்கும் கோபத்தை அதன்மேல் காட்டாதே.

லோகப்பிரியா

கோயமுத்தூர்
9-1-1997

அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. நான் கழுதை.

போனில் நீ மூன்று வார்த்தை பேசினதை வைத்துக் கிண்டல் செய்தேன். மேல் சத்தம் கேட்காதவளிடம் மேல் ஸ்வரத்தை அனுப்பிவிட்டுப் பதில் கேட்டேன். எனக்கு இப்போது யோசிக்க யோசிக்க எல்லாமே அப்படித்தான் தெரிகிறது.

ஊரில் பொங்கல் நோம்பியை முடித்து, மறுநாளே வருகிறேன். ஜெப்ரியின் அப்பா ஞானமுத்து ஐயா இங்கே ஒரு காது டாக்டரிடம் நாள் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். மச்சானிடம் நானே பேசுகிறேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு போவோம். கிடாரைக் கொண்டுவரட்டுமா என்று தெரியவில்லை. கொண்டுவந்தால் உனக்கு வலிக்குமா?

கிருபா

வெள்ளகோவில்
3-2-1997

அன்புத் தம்பிக்கு,

டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். அத்தைக்கு பஸ்ஸில் தலைசுற்றல், இப்போது பரவாயில்லை. உன் அறைப் பூசணத்துக்குச் சுண்ணாம்பு அடி, இல்லாவிட்டால் இருமல் வரும்.

டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். போன நரம்பு போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தறிப்பக்கம் போகக்கூடாது. உன் மச்சான் வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் தறிக்கு ஆள் தேடி அலைந்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, வாய் தெரிகிற மாதிரி நிதானமாக, "ரெண்டு ஆளு கெடைக்கட்டும் அம்மணி, அப்பறம் நீ உள்ள வராதே" என்றார். கெட்டவர் இல்லை. ஆள்தான் கிடைக்கவில்லை. அதுவரை இரண்டு தறி பார்க்கிறேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. அத்தைக்குக் காது மெஷின் வைக்கலாம் என்றார்களே, அது வந்தால் ஊர்ச் சண்டையெல்லாம் கேட்கும் என்று வேண்டாமென்கிறார்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. பொங்கல் லீவு முடிந்து தறி ஓட ஆரம்பித்த அன்று நீ குடோனுக்குள் வந்து துணி மூட்டைமேல் உட்கார்ந்தாய். மடியில் கிடார், வயர் எதுவும் மாட்டவில்லை. என்னால் கேட்க முடியாது என்று தெரிந்தும், யாருக்குமே கேட்காத இடத்தில் உட்கார்ந்து நீ வாசித்தாய். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். முடித்ததும் நான் உதட்டை அசைத்தேன். "மூணாவது அவசரப்பட்டுட்டே" என்றேன். நீ படித்துவிட்டாய், ஆனால் முகம் மாறிப்போயிற்று. தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டாய். மறுபடியும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கேள். நான் அன்று காதால் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தேன். அஞ்சு வருஷமாகப் பன்னிரண்டு தறிக்கு நடுவே உதட்டைப் பார்த்துப் பேச்சு கேட்கிறவள், உன் விரலைப் பார்க்க மாட்டேனா? உன் இடதுகை கழுத்தின் அடியில் இருந்தது. அதாவது பழைய மேல் ஸ்வரங்களுக்கே போய்விட்டாய். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மோதிர விரலால் கம்பியை மூன்று தடவை மேலே தள்ளினாய். முதல் தடவை கொஞ்சம் தயங்கி நின்றாய், பிறகு ஏற்றினாய். இரண்டாவதில் விரல் நடுங்கியது, முட்டியெல்லாம் வெளுத்திருந்தது, தாளம் போடும் உன் வலது கால் தரையில் விழுகிற வரை விடவில்லை. மூன்றாவது எல்லாவற்றையும்விட உயரம். அதில் கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டாய். உன் கண்ணும் அந்நேரம் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான் நான் சொன்னது.

இது சரியா தப்பா என்று எனக்கு நிச்சயம் சொல்லத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். தப்பென்றால் தப்பென்று எழுது. இனிமேல் நானும் கேட்கிற மாதிரி நடிக்க மாட்டேன், நீயும் என் மனசுக்காக ஒத்துக்கொள்ளாதே. அப்படி ஒத்துக்கொண்டால், பிறகு எனக்கு உன்னைக் கேட்க வழியே இருக்காது.

கனிஷ்கா உன்னைக் கேட்டாள். வாயை நன்றாகத் திறந்து, "மா-மா எங்-கே" என்று என் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

லோகப்பிரியா

கோயமுத்தூர்
18-2-1997

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தையும் மச்சானும் குட்டியும் நலமா? சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இருமல் இல்லை.

ஆமாம், அன்று நம்பவில்லை. அந்த இரைச்சலில் எனக்கே நான் வாசித்தது கேட்கவில்லை. சரிபார்க்கவும் வழியில்லை. தம்பிக்கு இன்னொரு பொய் சொல்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். உன்னைப் பாவம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே ஜெப்ரியை உட்கார வைத்து, அதே மேல் ஸ்வரங்களில், குடோனில் வாசித்த மாதிரியே வாசித்துப் பதிந்தோம். போட்டுக் கேட்டோம். முதல் இடம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் தாளம் விழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னாலேயே விட்டுவிடுகிறேன். ஜெப்ரிகூட இத்தனை மாதம் கவனிக்கவில்லை. நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு, ஸ்டிக்கைக் கீழே வைத்து, "அந்தக் கொடோனுக்குள்ள இதையெப்படிடா புடிச்சாங்க?" என்றான்.

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. பெங்களூரில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஆனால் அவன் நிலைப்பானா தெரியவில்லை, கேசட் இருந்தால் அனுப்பி வை என்று ஒரு கார்டு போட்டிருக்கிறார்கள். அனுப்புவேனா என்று இப்போது சொல்ல முடியாது. கேசட் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது இடத்தைப் பத்து நாளாகப் பழகுகிறேன். கால் விழுகிற வரை விடாமல் பிடித்தால் விரலில் ரத்தம் கட்டுகிறது. பயமாகவும் இருக்கிறது.

உனக்குக் கேசட் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிடாரோடு நேரிலேயே வருகிறேன். உன் எதிரில் அதே மூட்டைமேல் உட்காருவேன், நீ என் விரலைப் பார். நீ "சரி" என்றால்தான் அனுப்புவேன்.

பஞ்சை மறக்காமல் காதில் வைத்துக்கொள். எனக்காகத் தறியை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் தம்பி,
கிருபா